கதவுக்கு எண்ணெய் போடாதீங்க

"அடுத்தவங்க வரலாம்."

யாரும் எழுந்திருக்கவில்லை. காது பரிசோதனைக்குக் காத்திருக்கும் அந்த மாடி அறையில் எழுந்திருக்க ஒரே ஒருவன்தான் இருந்தான். ஜன்னலை ஒட்டிய நாற்காலியில் உட்கார்ந்து, வெளியே மழையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சார்... உள்ள வாங்க."

ம்ஹூம்.

காது பரிசோதிக்கிறவளான அவளுக்கு முந்தின நாள் வந்த ஃபோன் நினைவுக்கு வந்தது. ஒரு பெண் மூச்சு விடாமல் பேசியிருந்தாள். 'என் தம்பிம்மா. கூப்பிட்டா திரும்ப மாட்டேங்கறான். பேசினா பதில் இல்ல. காதுல ஏதோ கோளாறுன்னு நெனைக்கிறேன். நாளைக்கு அனுப்பறேன், நல்லா பாருங்க.' அந்தத் தம்பிதான் போலிருக்கிறது. முப்பது வயதுக்குக் கொஞ்சம் மேலே. சட்டை நனைந்திருந்தது. அதைத் துடைத்துக்கொள்ள வேண்டும் என்றுகூடத் தோன்றாதவன் போல உட்கார்ந்திருந்தான்.

மூன்றாம் முறை சத்தமாகவே கூப்பிட்டாள். அசையவில்லை. பாவம், இந்த வயதில்... நிஜமாகவே கேட்கவில்லை.

அப்போது காற்று அடித்தது. மாடிப்படிக் கதவு தானாகத் திறந்தது. அந்தக் கதவுக்கென்று ஒரு சத்தம் உண்டு. நீளமாக, சோம்பலாக ஆரம்பித்து, கடைசியில் சின்ன விக்கலோடு முடியும்.

அவன் சட்டென்று திரும்பினான்.

அவள் அந்தக் கண்களை அப்போதுதான் பார்த்தாள். யாரோ வந்துவிட்டது போல விரிந்த கண்கள். வாசலில் யாரும் இல்லை. அந்தக் கண்கள் மெல்ல... மிக மெல்ல... பழையபடி ஆயின.

"மன்னிச்சுக்குங்க சார். இந்தக் கதவு இப்படித்தான் மானத்த வாங்குது. இப்பவே சரி பண்ணிடறேன்." அலமாரியிலிருந்து தையல் மெஷின் எண்ணெய்க் குப்பியை எடுத்து, நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறினாள். மேல் கீலுக்குக் குப்பியின் மூக்கைக் கொண்டுபோனாள்.

"எண்ணெய் போடாதீங்க."

அவன் எழுந்து வந்து கதவருகே நின்றிருந்தான்.

"என்னது?"

"எண்ணெய்... போடாதீங்க."

அவளுக்குக் கோபம் வந்தது. "மூணு தடவை கூப்பிட்டேன், திரும்பல. இது மட்டும் கேட்டுச்சா? ஏன் சார், இது உங்க வீட்டுக் கதவா?"

அவன் கொஞ்சம் யோசித்தான். "ஒரு வகையில" என்றான்.

கோபம் குழப்பமாக மாறியது. அவள் நாற்காலியிலிருந்து இறங்கினாள்.

*

சத்தம் புகாத சிறிய அறை ஒன்று அவளிடம் இருந்தது. யாரோ விற்றதை வாங்கியது. நடுவில் கண்ணாடி. அந்தப் பக்கம் நாற்காலி, ஹெட்போன், கையில் பிடிக்க ஒரு பட்டன். இந்தப் பக்கம் அவளும் மைக்கும் மெஷினும். அந்தப் பக்கம் பட்டனை அழுத்தினால் இந்தப் பக்கம் சின்ன விளக்கு எரியும்.

"சத்தம் கேட்டா அழுத்துங்க. ரொம்ப லேசா கேட்டாலும் அழுத்துங்க. கேட்ட மாதிரி இருந்தாலும் அழுத்துங்க."

தலையாட்டினான். அவள் சத்தம் அனுப்பினாள். விளக்கு எரியவில்லை. கூட்டினாள். எரியவில்லை. இன்னும் கூட்டியபோது அவன் கண்ணிமை துடித்தது. விளக்கு மட்டும் எரியவில்லை.

"சார், கேக்குதா?"

"கேக்குது."

"அப்ப ஏன் அழுத்தல?"

"கேட்டுச்சு. ஆனா... அழுத்தணும்னு தோணல."

இத்தனை வருடத் தொழிலில் அவள் கேட்டிராத பதில். பொய் சொல்லி அழுத்துகிறவர்கள் உண்டு. தூங்கிப்போகிறவர்கள் உண்டு. தோன்றவில்லை என்று யாரும் சொன்னதில்லை. சிரிப்பதா, அதட்டுவதா என்று தெரியாமல், "எனக்காக ஒரு தடவை அழுத்துங்க. மத்தியானச் சாப்பாட்டுக்கு நான் போகணும்" என்றாள்.

அவன் அழுத்தினான். ஒன்றையும் தவறவிடவில்லை.

"உங்களுக்குப் பாம்புச் செவி சார். பக்கத்து வீட்ல ரகசியம் பேசினாக்கூடக் கேக்கும்."

"அதை எங்க அக்காகிட்ட சொல்லிடுங்க."

"பாம்புன்னா?"

"அது அவளுக்கே தெரியும்."

முகத்தில் சிரிப்பே இல்லாமல் சொன்னான். அவளுக்குத்தான் சிரிப்பு வந்துவிட்டது.

கிளம்பும்போது கதவருகே நின்றான். மெதுவாகத் திறந்தான். விக்கல் வரைக்கும் காத்திருந்தான்.

"அப்படி என்னதான் இருக்கு அந்தக் கதவுல?"

"கட்டை விளையாட்டு தெரியுமா?"

தெரியாமல் என்ன. இங்கே வருகிற பிள்ளைகள் எல்லாம் தலையைக் குனிந்து ஃபோனில் ஆடுவது அதைத்தான். எல்லாமே கட்டம் கட்டமாக... மரம் கட்டம், மாடு கட்டம், நிலாகூடக் கட்டம். தோண்டுவார்கள், அடுக்குவார்கள், மறுபடி தோண்டுவார்கள். அந்தக் காலத்தில் அவள் தம்பி ஆடினான். இப்போது அவனுடைய மகள் ஆடுகிறாள்.

"அதுல கதவு திறந்தா இந்தச் சத்தம்தான் கேக்கும். போன வருஷம் வரைக்கும். இப்ப மாத்திட்டாங்க. புதுசு நல்லாத்தான் இருக்கு. விக்கல் மட்டும் இல்ல."

"எல்லாக் கதவும் ஒரே மாதிரிதானே சத்தம் போடும்?"

"போடாது" என்று படியிலிருந்து ஒரு குரல் வந்தது. கீழ்வீட்டில் குடியிருக்கும் வீட்டுக்கார அம்மா, குடையை உதறிக்கொண்டே மேலே ஏறி வந்தாள். "இது பேர் வாங்கின கதவு. தம்பி சரியாத்தான் சொல்லுது."

*

வீட்டுக்கார அம்மாவுக்கு ஆள் கிடைத்தால் போதும். நனைந்த குடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். காது பார்க்கிறவளை அவள் கூப்பிடுவது 'காதும்மா' என்றுதான்.

"உனக்கு முன்னாடி, அதுக்கும் ரொம்ப முன்னாடி, இந்த மாடியில ரெண்டு பசங்க இருந்தாங்க காதும்மா. ஒருத்தன் தாடி. ஒருத்தன் கண்ணாடி. பேரெல்லாம் ஞாபகமில்ல. தாடி எங்கயோ கம்ப்யூட்டர் வேலைக்குப் போயிட்டு சாயங்காலம் வருவான். வந்து மறுபடி கம்ப்யூட்டர். என்னப்பா பண்றீங்கன்னு கேட்டா, உலகம் பண்றோம்பான். காட்டுடான்னேன். பாத்தா எல்லாம் கட்டம். ஏன்டா இப்படின்னா, எனக்குப் படம் வரையத் தெரியாது ஆன்ட்டி, கட்டம்தான் வரும்ங்கறான்."

அவன் கேட்டுக்கொண்டிருந்தான். தரையைப் பார்த்தபடி, ஆனால் கேட்டுக்கொண்டிருந்தான்.

"பாதி கூட முடிக்கல. அப்பவே ஜனங்க வாங்கி ஆட ஆரம்பிச்சிட்டாங்க. அவனுங்களும் வெள்ளிக்கிழமை ஆனா எதையாவது ஒண்ணைச் சேப்பாங்க. ஒரு வெள்ளிக்கிழமை ஆடு. ஒரு வெள்ளிக்கிழமை மழை. ரொம்ப நாள் வரைக்கும் வீட்டுக்குக் கதவே கிடையாது. ராத்திரி பேய் வரும், எல்லாரும் வாசல்ல மண்ணை வெச்சு அடைச்சிட்டு உக்காந்திருப்பாங்களாம். கதவு குடுங்க, கதவு குடுங்கன்னு எங்கிருந்தெல்லாமோ கேட்டாங்க. சரின்னு குடுத்தாங்க. சத்தத்துக்கு எங்க போறது? இந்தா இருக்கே." கதவைக் காட்டினாள். "ஃபோனை வெச்சு இதைத்தான் பிடிச்சாங்க. ஜல்லியை ஒரு தட்டுல கொட்டி நடந்து பாத்தாங்க, அது காலடிச் சத்தம். கண்ணாடிக்கு சளி பிடிச்சிருந்தப்ப பேசினது, மாடு."

"அதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றாள் அவள்.

"எப்படித் தெரியுமா? குகைக்குள்ள போனா இருட்டுல ஒண்ணு இருமும் பாத்திருக்கியா? அது நான். ஆஸ்துமா வந்து படியில இருமிட்டு வந்தேன், பிடிச்சுப் போட்டுட்டாங்க படுபாவிப் பசங்க. உலகத்துல இருக்கிற பிள்ளைங்க பூரா எனக்குப் பயப்படுது."

அப்போதுதான் அவன் சிரித்தான். சத்தமில்லாமல், ஒரு கணம். வெகுநாள் பூட்டிக் கிடந்த அறையில் விளக்கைப் போட்டது போல இருந்தது அந்த முகம்... அவள் பார்வையை எண்ணெய்க் குப்பிக்கு மாற்றிக்கொண்டாள்.

"அப்புறம் பெரிய கம்பெனி வாங்கிடுச்சு. பசங்க போயிட்டாங்க. இவங்கதான் போயிட்டாங்க. விளையாட்டு எங்கயும் போகல. அதைப் பாத்து இதைவிட அழகா நூறு வந்துச்சாம். எல்லாம் வந்த வழியே போச்சு. ஏன்னு எனக்குப் புரியவே இல்ல."

"அது நம்மகிட்ட ஒண்ணும் கேக்காதும்மா" என்றான் அவன். "ஜெயிக்கச் சொல்லாது. முடிக்கச் சொல்லாது. எப்படி ஆடறதுன்னுகூடச் சொல்லித் தராது. பக்கத்துல இருக்கிறவங்கதான் சொல்லித் தரணும். நடந்தா நிலம் வந்துட்டே இருக்கும்."

அவன் பேசிய நீளமான பேச்சு அதுதான். சொல்லிவிட்டு, ஏன் சொன்னோம் என்பது போல எழுந்து போய்விட்டான். கதவு விக்கியது.

அவள் குப்பியை மறுபடி அலமாரிக்குள் வைத்தாள்.

*

அடுத்த வாரம் வந்தான். ஹெட்போன் வைத்த இடத்தில் அரிக்கிறதாம். அதற்கடுத்த வாரம், சத்தம் புகாத அறையின் விளிம்பில் இடைவெளி இருப்பதைப் பார்த்ததாகச் சொல்லிப் பஞ்சுப் பட்டையோடு வந்தான்.

"நீங்க என்ன வேலை பாக்கறீங்க?" என்றாள், பட்டையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு.

"கட்டடம் வரையறேன்."

"ஓ, வீடா?"

"கார் நிறுத்தற இடம்."

"அதுலயும் ஏதாவது அழகா பண்ணலாமே."

"தூணை நேரா போடலாம்."

அவளுக்கு இந்த ஆளின் நகைச்சுவை பிடிபட ஆரம்பித்தது. கிணற்றில் கல் போட்ட மாதிரி. கொஞ்சம் பொறுத்துத்தான் சத்தம் வரும்.

பரிசோதனை நடக்கும்போது யாரும் கதவைத் தொடக்கூடாது என்று எழுதி ஒட்டினாள். யாரும் படிக்கவில்லை. எண்ணெய் போட்டால் ஒரு நிமிட வேலை. போடவில்லை. 'வீட்டுக்கார அம்மாவோட கதவு, அவங்களுக்கு வருத்தமா இருக்கும்' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

காத்திருக்கிற பிள்ளைகளோடு உட்கார்ந்து அந்த விளையாட்டையும் ஆடிப் பார்த்தாள். காதில் மெஷின் வைத்த ஒரு சின்னப் பெண் அவளுக்கு வாத்தியாரம்மா. வாலு என்று அம்மாவே கூப்பிடுவாள்.

"காதக்கா, இருட்டப் போகுது. மண்ணைத் தோண்டி உள்ள போய் உக்காருங்க."

"அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணுமில்ல. விடியற வரைக்கும் உக்காந்திருக்கணும். மொத ராத்திரி எல்லாருக்கும் அப்படித்தான்."

இதையெல்லாம் அவனிடம் சொல்வதற்காகச் சேர்த்து வைத்தாள். அவன் வரும் நாளில் நல்ல புடவை கட்டினாள். கட்டிவிட்டு, இதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்றாள் கண்ணாடியிடம். படியில் காலடி கேட்கும்... கதவு நீளமாக இழுத்து விக்கும்... அவள் மெஷினிலிருந்து தலையைத் தூக்காமலே சிரித்துவிடுவாள்.

ஒருநாள் அவன் காரணம் ஒன்றும் கொண்டுவரவில்லை. வெறுங்கையோடு வந்து உட்கார்ந்தான். மழை இல்லை. வெயில் தரையில் நீளமாகப் படுத்திருந்தது.

"காது நல்லா இருக்கு. அரிப்பு இல்ல. ஓட்டையெல்லாம் அடைச்சாச்சு" என்றாள். விளையாட்டுப் போலவே கேட்டாள். "இன்னிக்கு எதுக்கு வந்தீங்க?"

அவன் பொய் சொல்லத் தெரியாதவன்.

"கதவுக்கு" என்றான்.

அவன் சொன்னான். சுருக்கமாகத்தான் சொன்னான். கல்யாணம் ஆன புதிதில் அவனுக்கு ஓர் ஊரில் வேலை, மனைவிக்கு வேறோர் ஊரில். வேலை முடிந்ததும் இருவரும் அந்த விளையாட்டுக்குள் போவார்கள். அதில் ஒரு வீடு கட்டியிருந்தார்கள். அவன் முதலில் போய் உட்கார்ந்திருப்பான். கதவு விக்கினால் மனைவி வந்துவிட்டாள் என்று அர்த்தம்.

"ஒரே ஊருக்கு வந்து ஒரு வருஷம் இருந்தோம். அப்புறம் காய்ச்சல் வந்துச்சு. போயிட்டா. மூணு வருஷம் ஆச்சு."

வெளியே யாரோ வண்டியைக் கிளப்பினார்கள்.

அவளுக்கு அழுகை வந்தது. அவனுக்காகவா? பாதி அவனுக்காக. மீதிப் பாதி... இத்தனை வாரமும் அந்தச் சத்தத்துக்குத்தான் வந்திருக்கிறான். நான் பக்கத்தில் நின்ற தூண். நேராகப் போட்ட தூண். இதற்கா புடவை, இதற்கா சிரிப்பு? தன் மேலேயே வந்த வெட்கம், வாய்க்கு வரும்போது கோபமாகியிருந்தது.

"இது காது பாக்கற இடம் சார்" என்றாள். "இங்க வர்றவங்களுக்கு ஏதாவது கோளாறு இருக்கணும். உங்களுக்கு ஒண்ணும் இல்ல. இனிமே வரவேண்டிய அவசியமும் இல்ல."

அவன் அவளைப் பார்த்தான். தலையாட்டினான். கதவை மிக மெதுவாகத் திறந்தான், சத்தம் வராதபடி. அது கடைசியில் விக்கத்தான் செய்தது.

*

அவன் வரவில்லை. வரவேண்டாம் என்று சொன்னவள், கதவு விக்கும்போதெல்லாம் தலையைத் தூக்கிப் பார்த்தாள். தபால்காரர். மருந்து விற்பனையாளர். வீட்டுக்கார அம்மா.

"தூண்தம்பி எங்க, ஆளையே காணோம்?"

"அவருக்கு என்ன, காது நல்லாத்தான் இருக்கு."

"நான் காதைப் பத்திக் கேக்கல காதும்மா."

வாலுவுக்கு அன்று பரிசோதனை. போன முறை வந்ததைவிட இடது காதில் கேட்கும் திறன் இந்த முறை வெகுவாகக் குறைந்து காட்டியது. அவளுக்குத் திக்கென்றது. ஒரு மாதத்தில் இப்படி இறங்குமா? மறுபடி செய்தாள். அதே அளவு. போன முறை நடந்ததை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள்... அன்று கூட்டம். ஆட்கள் வருவதும் போவதுமாக இருந்தார்கள்.

"வாலு, போன தடவை பட்டன் அழுத்தினியே, என்ன சத்தம் கேட்டு அழுத்தின?"

"கூ சத்தம். அப்புறம் கதவு."

"கதவா?"

"நீங்கதானே சொன்னீங்க, எந்தச் சத்தம் கேட்டாலும் அழுத்துன்னு. எனக்கு ஆட்டத்துல வந்த பழைய கதவுச் சத்தம் நல்லாத் தெரியும். அது கேக்குறப்பல்லாம் அழுத்தினேன்."

ஒட்டிய பஞ்சையும் தாண்டி அந்த விக்கல் உள்ளே போயிருக்கிறது. போன முறை அவள் எழுதிக் கொடுத்த அளவு தவறு. அந்த அளவுக்குத்தான் இடது காதின் மெஷினில் சத்தத்தைக் குறைத்து வைத்திருந்தாள். ஒரு மாதமாக இந்தக் குழந்தை பள்ளிக்கூடத்தில் பாதிப் பேச்சைத்தான் கேட்டிருக்கும். காரணம், ஒரு கதவு. அந்தக் கதவுக்கு எண்ணெய் போடாத ஒருத்தி.

வாலுவின் அம்மாவிடம் மறைக்காமல் சொன்னாள். மெஷினைத் திருத்தி வைத்துக் கொடுத்தாள். அந்த அம்மா, "அதான் டீச்சர் வேற புகார் சொன்னாங்க, கவனிக்க மாட்டேங்கறான்னு" என்றாள். "உண்மையைச் சொன்னீங்க. முதல்ல அந்தக் கதவைக் கவனிங்க." கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் அவளை அதிகம் சுட்டது.

வாலுவுக்கு இதெல்லாம் பொருட்டே இல்லை. புதிதாகக் கேட்கிற காதோடு ஃபோனை நீட்டினாள். "காதக்கா, எங்க ஊரைப் பாருங்க. இது அம்மா வீடு. அம்மா காலேஜ் படிக்கும்போது கட்டினாங்க. இது நான் கட்டின குதிரை லாயம்."

பழைய வீடு. சின்ன வீடு. ஒரு மூலை கோணல்.

"வீடு ரொம்பப் பழசா இருக்கே. இடிச்சிட்டுப் பெருசா கட்டலாமே?"

வாலு அவளை, ஒன்றும் தெரியாத ஆளைப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

"எதுக்கு இடிக்கணும்? பக்கத்துல எவ்ளோ இடம் இருக்கு."

அவள் அந்தக் கோணல் மூலையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஃபோனை வாலு திரும்பக் கேட்கும் வரைக்கும்.

*

மறுநாள் ஒரு பெண் வந்தாள். பேச ஆரம்பித்ததுமே யாரென்று தெரிந்துவிட்டது.

"நான்தான்மா ஃபோன்ல பேசினேன். பாம்போட அக்கா."

அவளுக்கு முகம் சிவந்தது. "அவர் சொன்னாரா?"

"சொன்னானா? சிரிச்சிட்டே சொன்னான். அதைக் கேட்டு நான் அடுக்களைக்குள்ள போய் அழுதேன். அவன் ஜோக்கு சொல்லி மூணு வருஷம் ஆச்சு." நாற்காலியை இழுத்துப் போட்டு நெருங்கி உட்கார்ந்தாள். "நீங்க என்ன மருந்து குடுத்தீங்கன்னு எனக்குத் தெரியாது. கூப்பிட்டா திரும்பினான். சாப்பிடும்போது பேசினான். காதக்கா இப்படிச் சொன்னாங்க, காதக்கா மண்ணுக்குள்ள போய் உக்காந்தாங்கன்னு ஒரே காதக்கா புராணம். இப்ப மறுபடி ஜன்னலைப் பாக்கறான். மருந்து நின்னுபோச்சா?"

அவள் மேஜையின் விளிம்பைத் தேய்த்தாள்.

"கதவைப் பத்தி ஒண்ணும் சொல்லலையா?"

"எந்தக் கதவு?"

அக்கா நிஜமாகவே புரியாமல் கேட்டாள். அவளுக்குள் ஏதோ ஒன்று மெல்ல இளகியது. ஆனாலும் செய்ய வேண்டியதைச் செய்துதான் ஆக வேண்டும்.

"உங்க தம்பிகிட்ட ஒண்ணு சொல்லிடுங்க. நாளைக்குக் கதவுக்கு எண்ணெய் போடறேன். போடாம இருந்ததால ஒரு குழந்தையோட பரிசோதனை தப்பாயிடுச்சு. கடைசியா ஒரு தடவை கேக்கணும்னா... வரச் சொல்லுங்க."

"இதைச் சொன்னா அவனுக்குப் புரியுமா?"

"புரியும்."

"எனக்கும் புரிய வைக்கலாமில்ல?"

"நாளைக்குச் சொல்றேன்க்கா" என்றாள். அக்கா என்று வாயில் வந்துவிட்டதை இருவருமே கவனித்தார்கள். இருவருமே கவனிக்காதது போல இருந்தார்கள்.

*

மறுநாள் மழை. காலையிலேயே படியில் காலடி கேட்டது. அவள் எழுந்து நின்றாள். கதவு திறக்கக் காத்திருந்தாள். அது திறக்கவில்லை. வெளியே ஏதோ உருளும் சத்தம், இழுக்கும் சத்தம், வீட்டுக்கார அம்மாவின் குரல்.

"மேல் கீலுக்கு ரெண்டு சொட்டு போதும் தம்பி. கவுத்துடாத."

பிறகு கதவு திறந்தது. சத்தமே இல்லை. அகலத் திறந்த கதவுக்கு அப்பால் ஸ்டூல் மேல் அவன் நின்றிருந்தான். கையில் எண்ணெய்க் குப்பி. தலை நனைந்திருந்தது. கீழே ஸ்டூலைப் பிடித்துக்கொண்டிருந்த வீட்டுக்கார அம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "எனக்கு அடுப்புல பால் இருக்கு" என்று இறங்கிப் போனாள். இருமிக்கொண்டே.

"நான் போடறேன்னுதானே சொன்னேன்" என்றாள்.

"நான்தானே போட வேண்டாம்னு சொன்னேன். நான்தான் போடணும்."

"கடைசியா ஒரு தடவை கேட்டீங்களா?"

"இல்ல."

"ஏன்?"

அவன் இறங்கினான். குப்பியின் மூக்கைச் சட்டைக் கையிலேயே துடைத்தான். "அந்தக் குழந்தை கதை அக்கா சொன்னா. வேற எதுவும் யோசிக்கல." பிறகு, கிணற்றில் கல் போட்ட மாதிரி, கொஞ்சம் பொறுத்துச் சொன்னான். "நீங்க வரவேண்டாம்னு சொன்னப்புறம் வீட்ல உக்காந்து அந்தச் சத்தத்தை நெனச்சுப் பாத்தேன். முன்னெல்லாம் அதை நெனச்சா அவ வருவா. இப்ப... நாற்காலி மேல எண்ணெய்க் குப்பியோட ஒருத்தங்க கோவமா நிக்கறாங்க. என்ன பண்றது?"

மழை கூரையில் சீராகப் பெய்தது.

"அவங்களை மறந்துட்டீங்களா?"

"இல்ல."

"நல்லது" என்றாள்.

சொன்னதும் அவன் நிமிர்ந்து பார்த்தான். மூன்று வருடத்தில் அவனிடம் அதை நல்லது என்று சொன்னவர்கள் யாரும் இல்லை போலிருந்தது. அவளுக்கு இன்னும் சொல்ல இருந்தது. அந்த நனைந்த கண்கள் முன்னால் நின்றால் ஒரு சொல்லும் வராது என்பதும் தெரிந்தது. அவள் தன் தொழிலுக்குள் ஒளிந்துகொண்டாள்.

"உள்ள போய் உக்காருங்க. போன தடவை ஒழுங்காப் பண்ணல."

அவன் மறுபேச்சில்லாமல் போனான். ஹெட்போனை மாட்டிக்கொண்டான். பட்டனைக் கையில் பிடித்துக்கொண்டான். அவள் மைக்கை இழுத்தாள்.

"இன்னிக்கு வேற பரிசோதனை. பட்டன் தேவையில்ல. நான் சொல்றதைத் திருப்பிச் சொல்லணும்."

"சரி."

உதட்டைப் பார்த்துக் கண்டுபிடிக்கக்கூடாது என்பதற்காக வாயை ஓர் அட்டையால் மறைத்துக்கொள்வது வழக்கம். மறைத்துக்கொண்டாள். இன்றைக்கு அது எவ்வளவு வசதியாக இருந்தது.

"வீடு."

"வீடு."

ஒரு படி குறைத்தாள். "மழை."

"மழை."

இன்னும் குறைத்தாள். "தூண்."

"தூண்" என்றான். உதட்டோரம் லேசாக அசைந்தது.

அவள் குமிழை முழுவதுமாகக் கீழே திருப்பினாள். இந்த அளவில் யாருக்கும் கேட்காது. மெஷின் வந்த நாளிலிருந்து இந்த அளவில் ஒருவரும் ஒன்றும் சொன்னதில்லை. அந்த தைரியத்தில் கண்ணை மூடிக்கொண்டாள். மூச்சில் பாதியும் குரலில் பாதியுமாகச் சொன்னாள்.

"எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு."

பதில் வரவில்லை.

கேட்கவில்லை... நல்லவேளை. கேட்டிருந்தால்...

கண்ணைத் திறந்தாள். மேஜை மேல் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். முதல் நாள் வாசலைப் பார்த்து விரிந்த அதே கண்கள். இப்போது அவை பழையபடி ஆகவில்லை.

அவள் அட்டையைக் கீழே வைத்தாள். "இதுக்குப் பட்டன் இல்லன்னு சொன்னேனே. திருப்பிச் சொல்லணும்."

அவன் திருப்பிச் சொன்னான். மெதுவாக, ஒரு சொல் மாறாமல்.

அவன் விரல் மட்டும் பட்டனை விடவில்லை. விளக்கு எரிந்துகொண்டே இருந்தது.